ஆகாயகங்கைக்கு அப்பாவையும் அழைத்துப் போகலாமா?

கரூர்க் கணக்கன் (திங்கள், காலை 9.10)

தை மாதக் கடைசி ஞாயிறு கொல்லிமலை போவதாக இருக்கிறோம். நான்கு பேர்: நான், மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், 69 வயது அப்பா. அப்பாவுக்கு வலது முழங்காலில் தேய்மானம். தெருவில் இரண்டு கிலோமீட்டர் தாராளமாக நடப்பார். மாடிப்படி என்றால் கை தானாகக் கைப்பிடியைத் தேடும்.

மலையேற்றம் எங்களுக்கு வேண்டாம். ஆற்றங்கரையோடு ஒரு மணி நேரம் நடந்து, தண்ணீரில் கால் நனைத்து, கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஆகாயகங்கை அருவி என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். "பக்கம்தானே" என்று அப்பாவும் கிளம்பிவிட்டார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலத்து அம்மா (திங்கள், காலை 9.42)

பக்கம்தான் தம்பி. கிணற்றுக்குள் இருக்கும் தண்ணீரும் பக்கம்தான்.

கோயிலருகே தொடங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். எல்லாம் கீழ்நோக்கி. போகும்போது குழந்தைகள் துள்ளிக்கொண்டு இறங்குவார்கள், நமக்கும் உற்சாகமாக இருக்கும். திரும்பி நிமிர்ந்து பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். என் சின்னவன் பாதியில் உட்கார்ந்துகொண்டு "இனி இங்கேயே குடியிருக்கலாம்" என்றான். தூக்கிக்கொண்டு ஏறியது அவன் அப்பா. அடுத்த இரண்டு நாட்கள் அவர் வீட்டு வாசற்படியைக் கூடப் பக்கவாட்டில் இறங்கினார்.

படி ஏறும் புலி (திங்கள், காலை 10.05)

சும்மா பயமுறுத்துகிறார்கள். நான் 25 நிமிடத்தில் ஏறினேன். எங்கள் பாட்டி 72 வயதில் ஏறினார். மனம் இருந்தால் போதும்.

துறையூர்க்காரன் (திங்கள், காலை 10.20)

புலியாரே, உங்கள் பாட்டி வயலில் நாற்று நட்ட கால்களோடு ஏறியிருப்பார். கேட்டவர் தேய்ந்த முழங்காலுக்குக் கேட்கிறார்.

கரூர்க் கணக்கன் (திங்கள், காலை 11.30)

ஒரு படி 15 செ.மீ. என்றே வைத்தாலும் ஆயிரம் படி 150 மீட்டர். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்றால் 50 மாடி. எங்கள் ஊரில் அத்தனை மாடிக் கட்டடமே கிடையாது. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "மின்தூக்கி இருக்கிறதா என்று கேள்" என்றார். கேலியா, உண்மையான கேள்வியா என்று தெரியவில்லை.

படிகளின் சரியான எண்ணிக்கை யாருக்காவது தெரியுமா?

சோளக்காட்டான் (திங்கள், மதியம் 1.15)

நான் மலையிலேயே பிறந்து வளர்ந்தவன். மிளகும் காப்பியும் வைத்திருக்கிறோம். படியின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். எண்ணத் தொடங்குகிறவர் ஆயிரம் பேர், முடிக்கிறவர் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேருக்கும் பத்து விடை. சில இடங்களில் படி, சில இடங்களில் வெறும் சரிவுத் தளம், அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்ற தகராறு வேறு. ஆயிரத்துச் சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எங்கள் மலையைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மற்ற மலைகளில் ஏறிக் களைத்தால் பாதியில் திரும்பலாம், திரும்புவது இறக்கம். இங்கே தெம்பாக இருக்கும்போது இறக்கம், தெம்பு தீர்ந்த பிறகு ஏற்றம். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று எத்தனை படி இறங்குகிறீர்களோ அத்தனையும் கடன். உங்கள் பெயரிலேயே கணக்கன் இருக்கிறார், சொல்லித் தர வேண்டியதில்லை.

தசைநார் (திங்கள், மாலை 6.50)

இயன்முறை மருத்துவத்தில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். பலர் தவறாக நினைக்கும் ஒன்று: ஏற்றம் மூச்சுக்குக் கடினம், இறக்கம்தான் முழங்காலுக்குக் கடினம். இறங்கும்போது உடலின் எடையைத் தொடையின் முன்தசை பிடித்து நிறுத்தி நிறுத்தி விடுகிறது. அப்போது முழங்காற்சில்லின் மேல் விழும் அழுத்தம் சமதளத்தில் நடப்பதைப் போலப் பல மடங்கு. தேய்மானம் உள்ளவர் ஆயிரம் படி இறங்கிய பிறகு, ஏறுவதற்கு அந்தத் தசையில் மிச்சம் இருக்காது. கால் நடுங்கும். ஈரப்படியில் நடுங்கும் கால் என்பது வேறு ஒரு கதை.

அப்பா நூறு படி இறங்கிப் பார்க்கட்டும் என்ற சமரசமும் வேண்டாம். நூறு இறங்கியவர் இருநூறு இறங்குவார். அப்பாக்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

பழைய வாத்தியார் (திங்கள், இரவு 8.30)

மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அப்பாவை அழைத்துச் செல்லாமல் இருந்துவிடாதீர்கள். கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றின் கரையே போதும். ஐந்து ஓடைகள் சேர்வதால் ஐயாறு என்பார்கள். அந்த ஆறுதான் கீழே போய் அருவியாக விழுகிறது. கோயிலருகே நீர் அமைதியாக இருக்கும், மீன்கள் கூட்டமாக வரும். அவற்றை யாரும் பிடிப்பதில்லை. ஒரு காலத்தில் பிடித்து அறுத்த மீன் மீண்டும் பொருந்தி உயிர் பெற்று ஓடைக்குள் குதித்தது என்பது தலக்கதை. பொரி வாங்கிப் போட்டால் உங்கள் மகள் அருவியை மறந்துவிடுவாள்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது, நிறுத்திக் காட்டுங்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியின் வாய் வழியே போய், மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, புற்றிலிருந்த உடும்பில் தைத்து நின்றது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். இரண்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. என் பேரன் கேட்டான்: "அந்த அம்பைத் திரும்ப எடுத்தாரா தாத்தா?" முப்பது ஆண்டுகள் இந்தப் பாட்டை நடத்தியவன், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

துறையூர்க்காரன் (திங்கள், இரவு 9.15)

யாரும் எங்கள் ஊர்ப் பக்கத்தைச் சொல்லவில்லையே. அதே ஆற்றைக் கீழிருந்து பார்க்கலாம். துறையூரிலிருந்து உப்பிலியபுரம் வழியாகப் புளியஞ்சோலை. கொல்லிமலையின் கிழக்கு அடிவாரம், திருச்சி மாவட்டம். எழுபது கொண்டை ஊசி வளைவும் இல்லை, ஆயிரம் படியும் இல்லை. வண்டியை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் பெரிய பெரிய பாறைகளுக்கு நடுவே ஓடை, இரு பக்கமும் காடு, எதிரே மலைச்சுவர். நீங்கள் கேட்ட "ஆற்றங்கரையோடு ஒரு மணி நேரம்" என்பது எழுத்துக்கு எழுத்து இதுதான். மேலே அருவி வரை போகும் காட்டு வழியும் உண்டு, ஆனால் வனத்துறையின் அனுமதியின்றி அதில் கால் வைக்க வேண்டாம்.

சோளக்காட்டான் (திங்கள், இரவு 9.40)

துறையூர் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை உங்கள் புளியஞ்சோலையில் பாறையைவிடப் பிரியாணிப் பொட்டலம் அதிகம்.

துறையூர்க்காரன் (திங்கள், இரவு 9.52)

மறுக்கவில்லை. உங்கள் படிகளில் உடைந்த பாட்டிலைக் குரங்கா போட்டது?

கரூர்க் கணக்கன் (செவ்வாய், காலை 7.20)

சண்டை வேண்டாம். அப்பா மேலேதான் போக வேண்டும் என்கிறார். கல்யாணமான புதிதில் அம்மாவோடு வந்திருக்கிறாராம். அம்மா போய் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. கோயிலைப் பார்த்தால் போதும், படி இறங்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

இப்போது என் கவலை தண்ணீர். காட்டாற்று வெள்ளம் திடீரென்று வரும் என்கிறார்களே?

படி ஏறும் புலி (செவ்வாய், காலை 8.00)

தை மாதத்தில் மழை ஏது? வீண் பயம்.

துறையூர்க்காரன் (செவ்வாய், காலை 8.45)

தை மாதத்தில் பெரும்பாலும் பயமில்லை என்பது சரி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போதுதான் ஆபத்து, அப்போது அருவிக்கு இறங்கவே விட மாட்டார்கள். ஆனால் "வீண் பயம்" என்று எழுதாதீர்கள்.

ஓர் ஐப்பசியில் நான் கண்ணால் பார்த்தது. புளியஞ்சோலையில் வெயில் பளிச்சென்று அடிக்கிறது. இருபது பேர் தண்ணீரில் நிற்கிறோம். முதலில் வந்தது தண்ணீரல்ல, சருகு. தெளிந்த நீரில் கைப்பிடி கைப்பிடியாகச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த உள்ளூர் அம்மா ஒருவர் துணியை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறினார், ஏறிக்கொண்டே எங்களைப் பார்த்துக் கத்தினார். நாங்கள் ஏறி முடிப்பதற்குள் நீர் தேநீர் நிறத்துக்கு மாறிவிட்டது. நான் உட்கார்ந்திருந்த பாறை கால் மணி நேரத்தில் இல்லை. மழை எங்கள் தலைமேல் பெய்யவில்லை, மலைமேல் பெய்திருக்கிறது.

ஆகையால் எந்த மாதமானாலும்: சருகு வந்தால், நிறம் மாறினால், இரைச்சல் கூடினால், பேசிக்கொண்டிருக்காமல் கரையேறுங்கள். வந்த வழியே போக வேண்டும் என்பதில்லை, மேடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

தசைநார் (செவ்வாய், காலை 10.10)

வெள்ளம் இல்லாத மாதத்திலும் வழுக்கல் உண்டு. நீர் குறையும்போது வெளியே தெரியும் பாறையில்தான் பாசி. என்னிடம் வரும் அருவிக் காயங்களில் பாதி, "ஒரு படம் எடுக்கிறேன்" என்று இன்னொரு பாறைக்குத் தாவியவர்களுடையது.

மட்டுறுத்துநர் (செவ்வாய், மதியம் 12.00)

தங்கும் விடுதி விளம்பரம் இரண்டு நீக்கப்பட்டது. "யார் உண்மையான மலைக்காரர்" என்ற கிளை விவாதமும் நீக்கப்பட்டது. கேட்டவர் ஒரு நாள் நடைக்குத்தான் வழி கேட்டார்.

சேலத்து அம்மா (செவ்வாய், மதியம் 2.30)

சாலையைப் பற்றி யாரும் பேசவில்லை. அடிவாரத்துக் காரவல்லியிலிருந்து எழுபது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும், குழந்தை அதைப் படித்துக்கொண்டே வரும், இருபதைத் தாண்டியதும் படிப்பது நின்றுவிடும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று தாய்மார்களுக்குத் தெரியும். காலையில் பூரி, பொங்கல் வேண்டாம். இரண்டு இட்லி போதும். கையில் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொல்லுங்கள். கைப்பேசியைக் கையில் கொடுக்காதீர்கள். அப்பாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், மரியாதைக்காக அல்ல, தலைசுற்றாமல் இருப்பதற்காக.

இன்னொன்று. படி இறங்குவதற்கு முன்பே ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. அருவி கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் அந்த நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள், கையில் பார்த்தால் குரங்கு கணக்குப் பார்க்காது.

சோளக்காட்டான் (செவ்வாய், மாலை 4.00)

முழங்காலுக்கு மருந்தும் எங்களிடமே இருக்கிறது! முடவாட்டுக்கால் சூப் குடிக்காமல் இறங்காதீர்கள். பாறையில் வளரும் கிழங்கு, மேலே ரோமம் போலிருக்கும், ஆட்டுக்கால் மாதிரியே தெரியும். தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்போம்.

தசைநார் (செவ்வாய், மாலை 4.25)

நானும் குடித்திருக்கிறேன், ருசியாக இருந்தது. மலைக் குளிரில் மிளகு போட்ட சூடான எதுவும் உடம்புக்கு இதமே. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளரும் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

சோளக்காட்டான் (செவ்வாய், மாலை 4.31)

உங்கள் வாயால் சொல்ல வேண்டாம், குடியுங்கள் போதும்.

கரூர்க் கணக்கன் (புதன், இரவு 9.00)

முடிவு: நானும் மனைவியும் மகளும் இறங்குகிறோம். அப்பா கோயிலருகே ஆற்றங்கரையில் பொரிப் பையோடு உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டுக்குத் திரும்புகிறோம். கையில் ஊன்றுகோல், பையில் மாற்றுத்துணி, எலுமிச்சம்பழம் நான்கு. அனைவருக்கும் நன்றி, திங்கட்கிழமை வந்து எழுதுகிறேன்.

கரூர்க் கணக்கன் (அடுத்த செவ்வாய், இரவு 10.15)

ஒரு நாள் தாமதம். தொடை பிடித்துக்கொண்டதால் நேற்று கணினி இருக்கும் மாடிக்கு ஏற முடியவில்லை.

மகள் முப்பத்தொன்றாம் வளைவு வரை எண் படித்தாள். எலுமிச்சம்பழம் வேலை செய்தது, மனைவிக்கு. ஓரியின் சிலை முன் கதையைச் சொன்னேன். அவள் அம்பைப் பற்றிக் கேட்கவில்லை வாத்தியார் ஐயா, "உடும்பு என்ன தப்பு செய்தது?" என்றாள்.

பத்தே காலுக்கு இறங்கத் தொடங்கினோம். மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். 212இல் ஒரு குரங்கு, எண்ணிக்கை போயிற்று. மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினாள், அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நம் தகராறு தீரவில்லை, மன்னிக்கவும். இறங்க இறங்க வெளிச்சம் குறைந்து இரைச்சல் கூடியது. முதலில் காற்று ஈரமானது, பிறகு சட்டை. கடைசித் திருப்பத்தில் அருவி முழுதாகத் தெரிந்தபோது மகள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அத்தனை உயரத்திலிருந்து தண்ணீர் விழுவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்தது, கேட்கப் பிடிக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தாள். குளிக்கவில்லை, தெறித்த சாரலே நடுக்கிவிட்டது. அருவியின் உயரம் 300 அடி என்று போட்டிருந்தார்கள். என் கணக்கில் அது ஏறவில்லை, கழுத்து வலித்தது மட்டும் தெரியும்.

பன்னிரண்டு ஆவதற்கு முன்பே திரும்பினோம். ஏற்றம் ஒன்றரை மணி நேரம். சேலத்து அம்மா, நீங்கள் சொன்ன "இங்கேயே குடியிருக்கலாம்" வசனத்தை எங்கள் வீட்டில் பேசியது குழந்தை அல்ல, நான். மகளும் மனைவியும் என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள்.

மேலே வந்தால் அப்பாவைக் காணோம்.

நாம் இங்கே முழங்கால், வெள்ளம், பாசி, குரங்கு, வாந்தி எல்லாவற்றையும் பேசினோம். காத்திருக்கும் இடத்தைவிட்டு அப்பா நகர்ந்தால் என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. அவர் கைப்பேசி காருக்குள் இருந்தது. பொரிப் பை மட்டும் கரையில் காலியாகக் கிடந்தது. என் மனம் எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படியருகே இருந்தவரிடம் ஓடிக் கேட்டேன், அப்படி யாரும் இறங்கவில்லை என்றார். கோயிலுக்குள் இல்லை. ஆற்றோரமாக இரண்டு பக்கமும் தேடினோம். நாற்பது நிமிடம். மனைவி அழத் தொடங்கிவிட்டாள்.

கடைசியில் சூப் விற்ற அம்மாள்தான், "ஊன்றுகோல் வைத்திருந்தாரே, அந்தப் பெரியவரா? இரண்டு கோப்பை குடித்துவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் போனார்" என்றார். கடைக்குப் பின்னால் நூறு தப்படியில் வீடு. முற்றத்தில் படுதா விரித்து, அதன்மேல் பச்சை மிளகுக் கதிர் குவித்திருந்தது. அந்த வீட்டுக் கிழவி ஒரு பக்கம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா இன்னொரு பக்கம். மிளகு மிதித்துக்கொண்டிருக்கிறார்! கதிரிலிருந்து மணி உதிர்வதற்குக் காலால் மிதிப்பார்களாம். அரை மணி நேரமாக மிதிக்கிறாராம்.

கத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "உன் அம்மாவும் நானும் வந்தபோதும் இப்படி ஒரு வீட்டில்தான் உட்கார்ந்தோம். அருவிக்கு நாங்கள் இறங்கவே இல்லை. அவளுக்கு அப்போது நீ மூன்று மாதம்."

ஐந்து ஆண்டுகளாக அம்மாவைப் பற்றி அவர் தானாகப் பேசியதில்லை. மகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுதாவில் ஏறிவிட்டாள்.

தசைநார் (செவ்வாய், இரவு 10.40)

முழங்கால் எப்படி இருக்கிறது?

கரூர்க் கணக்கன் (செவ்வாய், இரவு 10.44)

அவருக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் இரண்டும் வலிக்கிறது. சூப்பின் மகிமை என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சோளக்காட்டான் (செவ்வாய், இரவு 10.50)

நான் ஒன்றும் சொல்லவில்லை.

தசைநார் (செவ்வாய், இரவு 10.52)

சொல்லாமல் இருப்பதே பெரிய சத்தமாகக் கேட்கிறது. சமதளத்தில் மெதுவாகக் கால் மாற்றி மிதிப்பது நல்ல பயிற்சி. அதை ஒப்புக்கொள்கிறேன். சூப்பை அல்ல.

பழைய வாத்தியார் (புதன், காலை 6.15)

உடும்புக் கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை.

கரூர்க் கணக்கன் (புதன், காலை 8.05)

சோளக்காட்டாரே, ஒரு சந்தேகம். மிதித்ததற்குக் கூலியாக வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அப்பா காசு கொடுத்தே இரண்டு கிலோ மிளகு வாங்கி வந்துவிட்டார். பாதி இன்னும் பச்சை. பையில் கட்டி வைத்ததில் லேசாக வியர்த்திருக்கிறது. என்ன செய்வது?

சோளக்காட்டான் (புதன், காலை 8.20)

முதலில் பையை அவிழுங்கள்! இப்போதே. பூஞ்சை பிடித்தால் எல்லாம் வீண். சுத்தமான துணியில் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, நல்ல வெயிலில் நான்கைந்து நாள் காய வையுங்கள். மாலையில் பனி இறங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள். தோல் கறுத்துச் சுருங்கும். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும், பல்லில் வைத்தால் நசுங்காமல் உடையும். அதுவரைக்கும் டப்பாவில் போடாதீர்கள்.

கரூர்க் கணக்கன் (புதன், காலை 8.31)

மாடியில் பரப்பியாகிவிட்டது. காக்கைக்குக் காவலாக அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.